தேக்கு பெஞ்சு, மூன்று

வருஷக் கணக்கை முடிக்க உட்கார்ந்திருக்கிறேன்.
ஸ்தோத்திரக் காணிக்கை, சங்கக் காணிக்கை,
அறுப்பின் பண்டிகை ஏலம்
(ஒரு பூசணி எழுநூறு ரூபாய்க்குப் போனது,
எடுத்தவர் அதைக் கோயிலிலேயே விட்டுப் போனார்),
எல்லாம் கூடிவிட்டது.
ஒரு வரிதான் உதைக்கிறது:
தேக்கு பெஞ்சு, மூன்று.

உப்பனாறு ஊருக்குள் திரும்பிய இரவு
சாவி கோயில்பிள்ளை ஞானாபரணத்தின் இடுப்பில் இருந்தது.
ஐயர் செம்மண்டலத்தில் மாட்டிக்கொண்டார்.
கமிட்டியைக் கேட்கப் போன் வேலை செய்யவில்லை.
சோனங்குப்பத்து ஜனம்
வலையும் கோழியும் ஒரு டிவிப் பெட்டியும்
தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு
இடுப்பளவு தண்ணீரில் வந்து நின்றபோது
யார் எவரென்று அவர் விசாரிக்கவில்லை.
காது மந்தம் என்பதும் காரணமாயிருக்கலாம்.

நூற்றுப் பதினேழு பேர்.
எண்ணினேன். எண்ணுவது என் வேலை.
அதில் சபையார் பதினொருவர்.
பலிபீடத்துப் படியில் ஏறிய ஆடு ஒன்று
இறங்க மறுத்துவிட்டது.
ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்த இருவர்
விடியுமுன் மழையிலேயே குளித்துவிட்டு வந்து
தூணோரம் நின்று சரணம் சொன்னார்கள்.
கோயில்பிள்ளை ஆமென் என்றார்.

மூன்றாம் நாள் படகில் அரிசி வந்தது.
விறகு வரவில்லை.
காய்ச்சல்காரக் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டே
அஞ்சலாட்சி சொன்னாள்:
‘இவ்ளோ கட்டைய வெச்சிக்கிட்டா விறகு இல்லேங்குறீங்க?’

எங்கள் பெஞ்சுகளின் முதுகில் எழுத்து உண்டு.
அன்பளிப்பு, காலஞ்சென்ற இன்னார் நினைவாக, ஆண்டு.
முன்வரிசை எந்தக் குடும்பத்துக்கு,
தூணுக்குப் பின்னால் எந்தத் தெரு,
பிரசங்க மேடையிலிருந்து யாரும் சொன்னதில்லை.
நாலு வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.

கோடரியை எடுத்த கோயில்பிள்ளை
தூணுக்குப் பின்னாலிருந்து வந்தவர்.
நேரே முன்வரிசைக்குப் போனார்.
காதுதான் மந்தம். கண் நன்றாகத் தெரியும்.

தேக்கு லேசில் பற்றாது.
வார்னிஷ் குமிழ்விட்டு
அன்பளிப்பு முதலில் போயிற்று,
பிறகு பெயர்,
ஆண்டு கடைசியில்.
கஞ்சியில் புகை அடித்தது.
சிப்காட் நாத்தத்துக்கு இது எவ்வளவோ மேல் என்று
இரண்டாம் தட்டு வாங்கினாள் அஞ்சலாட்சி.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு வெறுந்தரையில் பாய்.
எங்கே உட்காருவது என்று யாருக்கும் தெரியவில்லை.
காலஞ்சென்றவரின் மருமகள் முழங்கால்
கோயில்பிள்ளை சம்சாரத்தின் முழங்காலில்
பாட்டு முடியும்வரை இடித்துக்கொண்டே இருந்தது.
இருவரும் நகரவில்லை.
நகர இடமில்லை என்றும் சொல்லலாம்.

ஜனவரியில் கமிட்டி கூடியது.
யார் உத்தரவு? என்றார் ஆசீர் கனகராயன்.
‘சபை என்பது கட்டடம் அல்ல...’ என்று ஐயர் ஆரம்பித்தார்,
டீ வந்துவிட்டது.
தீர்மானம்: புதுப் பெஞ்சு மூன்று,
அதே இடம், அதே பெயர்.
கோயில்பிள்ளைக்கு எச்சரிக்கைக் கடிதம்.
அவர் காதருகே போய் நான்தான் உரக்கப் படித்தேன்.
‘மழைக்கு முந்தியே குடுத்திருந்தா
அடுப்புப் பத்தவைக்க ஆயிருக்கும்’ என்றார்.

மார்ச்சில் பெஞ்சு வந்தது.
அவரவர் அவரவர் இடத்துக்குப் போய்விட்டார்கள்.
நானும்.

சபை என்றால் என்னவென்று
எனக்கு விளக்கத் தெரியாது, நான் பொருளாளர்.
ஞாயிற்றுக்குத் திறந்து மதியத்துக்குள் பூட்டுகிற ஒன்றை
ஆறு நாள் நாங்கள் பூட்டவில்லை.
அது நல்லதா, வெள்ளமா,
பிரித்தெழுதக் கட்டமில்லை இந்தப் பேரேட்டில்.

நஷ்டம் என்று எழுதினேன். அழித்தேன்.
தர்மம் என்று எழுதினேன். அது பொய், யாரும் தரவில்லை.
பழுதுபார்ப்பு. அதுவும் இல்லை.

மணி பதினொன்று. கடல் இரைச்சல்.
பக்கம் திருப்பி
திருவிருந்துச் செலவு என்ற தலைப்பின் கீழே,
அப்பம், திராட்சரசம் இரண்டுக்கும் அடுத்து
எழுதி வைத்திருக்கிறேன்:
தேக்கு பெஞ்சு, மூன்று.

செவ்வாய்க்கிழமை ஆடிட்டர் வருகிறார். கேட்பார்.
இப்போதைக்குப் பென்சிலில்தான்.